உச்சியில் வைத்த பொட்டு

தேவகியின் வேலையைப் பறித்தவள் நான். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

செஞ்சிக்கு வெளியே வந்திருக்கும் பூங்காவில் அந்தப் புதிய ரோலர் கோஸ்டரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீல எஃகு, வளைந்து வளைந்து... காலையில் அதன் படிகளில் ஏறி போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. கீழே கண்ணாடி அறையில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி வண்டியை ஓட்டுவது தேவகியின் வேலை. அவள் அவலூர்பேட்டை, நான் சிங்கவரம். பயிற்சியில் ஒன்றாகச் சேர்ந்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம்.

திறப்பு நாள் காலையில் பூசை போட்டார்கள். பேருந்தோ தையல் மிஷினோ, பொட்டு வைக்காமல் நாம் எதைத் தொடங்கியிருக்கிறோம்? சந்தனக் கிண்ணத்தோடு நான் உச்சிக்கே ஏறிவிட்டேன். வண்டி வருவதைக் கண்டுகொள்ளும் சென்சார் அங்கே கறுப்பாக, ஒற்றைக் கண்ணாக இருந்தது. அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

முதல் வண்டி ஆட்களோடு மெல்ல ஏறியது. உச்சியில் நின்றுவிட்டது.

கண் மறைந்தால் வண்டி நிற்கும் என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்களை இறக்கிவர நானே ஓடினேன். ஏற ஏறக் கீழே இருந்த இரைச்சல் கரைந்துபோனது. பதறிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்... ஒருவரும் பதறவில்லை! எல்லாரும் செஞ்சிக்கோட்டை ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி விலகாத மலை, தரையில் கால் படாமல் நின்றது. மணிலாக் கடலைக் காடுகள் பச்சையாய் மிதந்தன.

"அக்கா, இங்கயே இருந்துடலாமா?" என்றது ஒரு குழந்தை.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ... அந்த மயக்கத்திலேயே என் சட்டைக் கை சென்சாரைத் துடைத்துவிட்டது.

இல்லை! சட்டையின் மேல் ஏன் பழி போடுகிறேன்? நான் துடைத்தேன். தெரிந்தேதான் துடைத்தேன்.

என்ஜினியர் மேலே வந்து பார்த்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. தேவகிதான் பயத்தில் நிறுத்தும் பட்டனை அமுக்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள்.

"நான் அமுக்கல சார்... சத்தியமா அமுக்கல," என்று அழுதாள். உதவி கேட்டு என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். என்ன பிறவி நான்!

இப்போது அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம். எனக்கு வேலை நிலைத்ததில் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"ஒண்ணு கேக்கறேன்டி. நான்தான் பயத்துல அமுக்கிட்டு மறந்துட்டேனோ? எங்க நைனாவும் அப்டித்தான் சொல்லுது. இப்பல்லாம் எனக்கே கை பட்ட மாதிரி இருக்குது. நீ இன்னா நெனைக்கிற?"

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது...

"இருக்கும்டி," என்றேன்.

அவள் தன் வலக்கையை விரித்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.