கண்ணாடிக்கு வெளியே ஒரு விளக்கு

போன வருடம் ஐப்பசி கடைசியில், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் என் வீட்டில் ஆரம்பித்தது இது. எனக்கு வயது எழுபத்து மூன்று. பட்டாசு கம்பெனியில் நாற்பத்தொரு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் போகக்கூடாது என்று வாசலில் நின்று தலை எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

என் ஒரே மகள் பெங்களூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஜெர்மனிக்குப் போனாள். போகும்போது அவள் முறைப்படி பதிவு செய்து வளர்த்த ஓணானை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வெளிநாட்டு இனம். கழுத்தில் தாடி மாதிரி முள் இருக்கும். வால்நுனி வரை பதினேழு அங்குலம். அவள் வைத்திருந்த கண்ணாடித் தொட்டி லாரியில் வரும்போதே உடைந்துவிட்டது. அதனால் கூண்டை நானே செய்ய வேண்டியதாயிற்று.

பழைய புத்தக அலமாரியைப் படுக்கப்போட்டேன். முன்னால் ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி, பக்கத்துக்குப் பன்னிரண்டு காற்றுத் துளை. இரண்டு விளக்கு வேண்டும் என்று மகள் படம் வரைந்து அனுப்பியிருந்தாள். ஒன்று சூட்டுக்கு, இன்னொன்று வெயிலுக்குப் பதிலாக எரியும் குழல்விளக்கு. மாட்டித்தர வந்த எலக்ட்ரீசியனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அண்ணாச்சி, நம்ம ஊரு வெயில்ல மனுசனே வெந்து சாகுறான். இதுக்கு ஹீட்டரு கேக்குதோ? கொண்டுபோய் மொட்டை மாடியில விடுங்க, அம்புட்டுத்தான்.”

“பருந்து தூக்கிட்டுப் போனா எம்மகளுக்கு நீயா பதில் சொல்லுவ?” என்றேன்.

படத்தில் இரண்டு விளக்கும் கூண்டுக்கு உள்ளே இருந்தன. மரப்பெட்டி, காய்ந்த புல், உள்ளே கொதிக்கிற பல்பு! எங்கள் கம்பெனியில் விளக்கு அறைக்குள் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் வெளிச்சம் தரும். ஏன் அப்படி என்பதை நான் கண்ணால் பார்த்தவன். இங்கும் இரண்டையும் மேல்கண்ணாடிக்கு வெளியே மாட்டச் சொன்னேன். உள்ளே சூடுமானி முப்பத்தாறு காட்டியது. வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. மகளிடம் மாற்றியதைச் சொல்லவில்லை. போனில் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா” என்றாள்.

என் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த மகள், ஓணான் வந்த பிறகு தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தாள். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். ஒருநாள் பத்தொன்பது நிமிடம். நாலு மணியானால் முகம் கழுவி, போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

தை பிறந்தபோது ஓணான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்கு இருபது புழு தின்றது, ஐந்துக்கு இறங்கியது. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. ஏறி உட்காரும் கல்லில் பாதி ஏறி, வழுக்கிக் கீழே வந்தது. அன்று சாயங்காலம் நான் செய்தது இன்றும் உறுத்துகிறது. கால் தெரியாதபடி போனைக் கிட்டத்தில் பிடித்து, தலையை மட்டும் காட்டினேன். இது செத்துவிட்டால் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. இப்படியே நாலு நாள் ஏமாற்றினேன்.

ஐந்தாம் நாள் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பஸ் ஏறி, விருதுநகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“லைட்டு போடுறீங்களாய்யா?”

“பத்து மணி நேரம் தவறாமப் போடுறேம்மா. தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு கண்ணாடிக்கு வெளிய மாட்டியிருக்கேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“ஐயா, வெளிச்சம் கண்ணாடியத் தாண்டும். எலும்புக்கு வேண்டிய கதிர் தாண்டாது. இம்புட்டு நாளும் அது இருட்டுல இருந்த மாதிரிதான்” என்றார். இப்போதே கவனித்தால் பிழைத்துவிடும் என்று சுண்ணாம்புச் சத்து மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே மேல்கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை அடித்து, இரண்டு விளக்கையும் உள்ளே மாட்டினோம். சுற்றிலும் கம்பிவலை, சூடு மீறினால் தானே அணைகிற கருவி. எனக்கு அதுவும் போதவில்லை. ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

“பல்லிக்குத் தீயணைப்பு ஸ்டேசனே தொறந்துட்டீகளே அண்ணாச்சி!” என்றான் எலக்ட்ரீசியன். அவன் சுவிட்சைப் போட்டபோது நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் தள்ளிப் பிடித்து, நடுங்குகிற காலையும் காட்டினேன்.

“இம்புட்டு நாளா ஏன்ப்பா சொல்லல?”

“நீ கூப்பிடுறதே அதப் பாக்கத்தானம்மா” என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சும்மா கூப்பிட்டா நீங்க எங்கப்பா பேசுறீக? ‘சரி சரி, வேலையப் பாரு’ன்னு ரெண்டே நிமிசத்துல வச்சிருவீக. ஓணானக் காட்டுங்கன்னு சொன்னாத்தான் கொஞ்ச நேரம் இருக்கீக.”

இரண்டு நிமிடம். என்னை மாதிரி அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“லீவு கெடச்சா ஒரு தடவ வந்துட்டுப் போம்மா” என்றேன். “பாக்குறேன்ப்பா” என்றாள்.

ஏழு வாரத்தில் ஓணான் கல்லில் ஏறி உட்கார ஆரம்பித்தது. இப்போது இருபது புழு தின்கிறது. மகளுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. தினமும் பேசுகிறோம், சில நாள் ஓணானை மறந்தே போகிறோம். ஆனாலும் போனை வைத்தபிறகு வீட்டில் எதுவும் அசைவதில்லை. ஒரே ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், பெங்களூரில் அவள் ஒன்பது வருடம் இருந்தாளே, அப்போது அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஒருமுறைகூட ‘வா’ என்று கேட்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான், எத்தனை எண்ணினாலும் எனக்கு ஆறாமல் இருக்கிறது.