இஞ்சின் சத்தத்துக்குள் பேசியவை

பழைய லாரியில் இஞ்சின் எங்களோடு கேபினுக்குள்ளேயே இருந்தது. எனக்கும் கிளீனர் பாய்க்கும் நடுவில், தகர மூடிக்குக் கீழே. என் இடது தொடை எந்நேரமும் வெந்துகொண்டிருக்கும். பாய் என்னைவிட மூத்தவர். நான் தண்ணீர் லாரி ஓட்டுவேன், அவர் குழாய் போட்டு இறக்குவார். தாம்பரத்துப் பக்கம் கிணறுகளில் நிரப்பிக்கொண்டு நாவலூர் அடுக்குமாடிகளுக்குப் போவோம். பதினோரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நாங்கள் பேசியது கையால்தான். கட்டை விரலைக் காட்டினால் டீ.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாவதோடு நின்றவன் நான், நாலு பேர் முன்னால் வாய் வராது. இஞ்சின் ஓடும்போது மட்டும் வாய்விட்டுப் பேசுவேன். என் குரல் எனக்கே கேட்காது, நெஞ்சு மட்டும் அதிரும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

கடைசி இரண்டு மாதமாக ஒரே பேச்சுதான். என் மனைவி கோவளத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. “செவுத்தோட குடுத்தனம் பண்ணது போதும்யா. சண்டையாவது போட்டிருக்கியா நீ?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்தாள். அவளைத் திரும்பக் கூப்பிட என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பழைய லாரிக்கு, ரோட்டில் ஓட்டத் தகுதி என்று கொடுக்கும் எஃப்.சி. கிடைக்கவில்லை. முதலாளி புதிது எடுத்தார்.

பழையதில் எவ்வளவு டீசல் என்பது என் காலில் இருந்தது. மிதித்தால் பம்பு கொடுக்கும், மேடவாக்கம் மேம்பாலம் ஏறும்போது கறுப்புப் புகை கக்கும். டீசலில் காற்று பிடித்து நின்றுவிட்டால், நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை அடங்கும் வரை ரோட்டோரம் குந்தியிருப்போம். புதியதில் இஞ்சின் சீட்டுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது, சத்தம் மேலே வருவதே இல்லை. நான் காலால் கேட்கிறேன், கொடுப்பதா வேண்டாமா என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாவுக்கு நீல மூடி போட்ட தனி டேங்க். ஸ்டேரிங்குக்கு முன்னால் எரியும் விளக்குகளில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

முதல் நாள் கேம்ப் ரோடு தாண்டியதும் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். “வூட்டுக்கு வந்துடு. நீ இல்லாம ஒண்ணும் நல்லால்ல.”

பாய் மெல்லத் திரும்பினார். “இன்னாபா, என்னியா கூப்புடுற? எனக்கு வூடு கீதுபா.”

எனக்குக் காது வரை சுட்டது. அவர் சிரித்து முடித்துவிட்டு, “இத்தினி வருசமா வாய் அசையறத பாத்து நீ பாக்கு மெல்லுறேன்னு நெனச்சேன். தங்கச்சியாண்ட சொல்ல வேண்டியத ஏன்பா ஸ்டேரிங்காண்ட சொல்ற?” என்றார்.

அடுத்த வாரம் கோவளத்தில் ஒரு ஓட்டலுக்கு லோடு. இறக்கி முடித்ததும் பாய் எங்கேயோ போனார். திரும்பி வரும்போது என் மனைவி கூட வந்தாள். “தங்கச்சிக்கு கேளம்பாக்கத்துல மருந்து வாங்கணுமாம், எறக்கி வுடு. நான் பஸ்ஸுல வரேன்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், “வண்டி ஓடுதாய்யா, தள்றாங்களா?” என்றாள். தலையாட்டினேன். இரண்டு பக்கமும் உப்பங்கழி வெயிலில் அசையாமல் கிடந்தது. வெள்ளைக் கொக்குகள் தங்கள் நிழல் மேலேயே நின்றன. நாங்கள் போகவே இல்லை, தண்ணீர்தான் பின்னால் நழுவிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் கேளம்பாக்கம்.

அப்போது ஒரு விளக்கு எரிந்தது. புது லாரியில் புகை வெளியே வராது, கரியெல்லாம் உள்ளே ஒரு வடிகட்டியில் தங்கும். நிறைந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, பொத்தானை அழுத்தி, அது எரிந்து தீரும் வரை காத்திருக்க வேண்டும். பழைய லாரி எல்லாவற்றையும் வானத்தில் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

ஓரம் கட்டினேன்.

“ரிப்பேரா?”

“இல்ல. உள்ள கரி எரியணும். அரமணி ஆவும்.”

“அரமணியா? உங்கூடவா?”

இஞ்சின் தானாகவே வேகம் எடுத்தது. இன்னும் ஏறட்டும், சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். மின்விசிறி அளவுக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. வேறு வழியில்லை.

“பாத்ரூம் கொழா ஒழுவுது” என்றேன்.

“அத்த சொல்லத்தான் நிறுத்தினியா?”

“இல்ல. ராத்திரில சொட்டுறது கேக்குது. நீ இருந்தப்ப அது கேட்டதே இல்ல.”

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, “அப்புறம்?” என்றாள்.

அப்புறம் சொன்னேன். வரிசையாக இல்லை. முன்பு சொல்லிப் பார்த்தது எதுவும் இல்லை. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பதை, அவள் பக்கத்துத் தலையணையை நகர்த்தாமல் இருப்பதை. என் குரல் எனக்குக் கேட்டது, யாரோ பக்கத்து வண்டியில் பேசுவது போல.

விளக்கு அணைந்தது. இஞ்சின் தணிந்தது. நான் கியரில் கை வைக்க, அவள் கை வந்து அதன் மேல் விழுந்தது. “இரு. நீ இன்னும் முடிக்கல.”

கேளம்பாக்கத்தில் இறங்கி, கதவைப் பிடித்தபடி, “ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள வாய மூடிக்காத” என்றாள்.

தலையாட்டினேன். அவள் போகாமல் நின்றாள். “சரி” என்று வாயால் சொன்னேன்.