எழுந்தால் அணையும் திரை

அன்று நாற்காலியிலிருந்து நான் எழுந்தது வேண்டுமென்றேதான். தெரிந்தே எழுந்தேன். அதனால் ஒருவனுக்கு வேலை போயிற்று. பழி அவன்மேல் விழுந்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஊமையாக நின்றிருந்தாலும் பரவாயில்லை... வாயைத் திறந்து ஒரு பொய்யையும் சொன்னேன்!

நாற்காலியிலிருந்து எழுந்ததற்கும் ஒருவன் வேலை போனதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இத்தனை காலமும் காத்திருந்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் நான் டிசைனராக இருந்தேன். கட்டம் போட்ட கம்ப்யூட்டர் திரையில் பூவும் பறவையும் வரைகிற வேலை. ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. நாங்கள் நிரப்பிய கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டை தறிக்கு மேலே ஏறி, எந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று சொல்லும். திரையில் பிசகினால் சேலையிலும் பிசகும்.

என்னோடு வேலை பார்த்தவன் சற்குணம். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவான். சுவர் விளம்பரம் எழுதிக் கை பழகியவன். கம்ப்யூட்டரைப் பிற்பாடு கற்றுக்கொண்டான். எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. அவன் தெருவில் எந்த வீட்டிலும் தறி இருந்ததில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவன் கும்பிட்ட சாமியும் வேறு.

வாயில் எப்போதும் 'நீங்க'தான். மனத்துக்குள்தான் அவன், இவன் எல்லாம்.

முதலில் ஆளுக்கொரு சின்ன மானிட்டர் இருந்தது. அறையின் இரண்டு மூலைகளில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்போம். முதலாளி சென்னையில் ஏதோ கண்காட்சிக்குப் போனார், மயங்கினார், ஒரு பெரிய மானிட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மேசையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஜன்னல் கணக்கா இருக்குது பாரு! ரெண்டு பேருக்கும் இதுவே போதும்மா. பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துக்கினு பாருங்க" என்றார் முதலாளி.

பாவம், அவருக்கு என்ன தெரியும்!

அந்த மானிட்டரின் அழிச்சாட்டியத்தைச் சொல்லி மாளாது. அத்தனை துல்லியம்; அந்தத் துல்லியமே தொல்லை. எங்கள் பழைய மென்பொருளின் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெரிதாக்கினால் பாதிப் பொத்தான்கள் திரைக்கு வெளியே ஓடிப்போயின. அரக்கு நிறம் வலப்பக்கம் மிளகாய்ச் சிவப்பாகத் தெரியும். இடப்பக்கம் போனால்தான் அரக்கு அரக்காக இருக்கும். ஆகையால் நிறம் முடிவு செய்ய வேண்டுமென்றால் நான் அவன் பக்கம் சாய வேண்டும். எத்தனை சேலைக்கு அரக்கு அரக்கு என்று சாய்ந்தேன் என்று நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

நடுவில் ஒரு புள்ளி செத்துப்போய் எப்போதும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் அதை டிசைனில் விழுந்த தப்புக் கட்டம் என்று எண்ணி அழித்தேன், அழித்தேன்... போகவில்லை. முந்தானை நுனியால் துடைத்தும் பார்த்தேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "விடுங்க மேடம். அது அந்தாண்ட இருக்குது. நம்ம கை எட்டாது." அதற்குப் பிறகு அந்த 'மேடம்' மெல்ல மெல்ல உதிர்ந்துபோயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று இருந்தது. வேலை நடக்கும்போதே திரை திடீரென்று அணைந்துவிடும். இரண்டு மூன்று மூச்சு விடுகிற நேரம் முழு இருட்டு. பிறகு தானாகவே வரும். வரும்போது திறந்து வைத்திருந்ததெல்லாம் சுருங்கி ஒரு மூலையில் அடுக்கிக் கிடக்கும்.

அந்த இருட்டில்தான் முதன்முதலாக அதைக் கண்டேன். கருத்த கண்ணாடியில் எங்கள் இரண்டு முகங்களும்... பக்கத்தில் பக்கத்தில்! கல்யாண வீட்டில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தோம். நேராக அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கண்ணாடிக்குள் பார்த்தேன். அவனும் அங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை வெளிச்சமானது. இருவரும் ஒன்றும் நடக்காததுபோல வேலையைத் தொடர்ந்தோம்.

அவ்வளவுதான். தொட்டதில்லை. ஒரு சொல் பேசியதில்லை. நம்புங்கள், நம்பாமல் போங்கள்... என் ஆயுளில் எனக்குக் கிடைத்தது அந்த இருட்டு மட்டும்தான்.

பெரிய வெள்ளிக்கு அவன் விடுப்பில் இருந்தபோது மானிட்டரைப் பார்க்க ரிப்பேர்க்காரர் வந்தார். என்னை உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், மறுபடி உட்காரச் சொன்னார். பிறகு சிரித்தார். "மேடம், கோளாறு மானிட்டர்ல இல்ல. சுத்தற நாற்காலி, ஏசி ரூமு, நீங்க கட்டிக்கினு இருக்கறதோ சிந்தெடிக் சேலை. நீங்க எழுந்திருக்கறப்போ ஷாக் மாதிரி ஒண்ணு கிளம்புது. இந்த கேபிள் ஒல்லி, அதைத் தாங்க மாட்டேங்குது. நல்ல கேபிளா ஒண்ணு மாத்துங்க, சரியாப் பூடும்."

"முதலாளிகிட்ட சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமா! இருட்டு என் கையில் இருக்கிறது என்று தெரிந்துபோயிற்றே... நான் எழுந்தால் அணையும்! அன்றிலிருந்து பருத்திச் சேலைகளைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் வழுவழுவென்று சிந்தெடிக் கட்டிக்கொண்டு வேர்க்க வேர்க்க நடந்து போவேன். அம்மா கேட்டாள்: "இன்னாடி இது, வெயில்ல பைத்தியமா புடிச்சிருக்குது?" ஆமாம், பிடித்துத்தான் இருந்தது.

மனம் ஏங்கும்போதெல்லாம் சும்மா எழுந்து எழுந்து உட்காருவேன். திரை அணையும். அவன் தெரிவான். அப்படி ஒரு திருட்டுச் சுகம்.

ஒருநாள் மட்டும் திரை அணையவே இல்லை. காலையில் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தேன், வெளிச்சம். தண்ணீர் குடிக்க எழுந்தேன், வெளிச்சம். ஜன்னலைச் சாத்த, ஜன்னலைத் திறக்க, ஸ்கேலை எடுக்க... நாள் முழுக்க வெளிச்சம்! "இன்னாங்க, இன்னிக்கு கால்ல சக்கரம் கட்டியிருக்குதா?" என்று கேட்டான் சற்குணம். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மறுநாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தேன். அணைந்தது! கண்ணாடிக்குள் என் முகம் மலர்ந்ததை நானே பார்த்தேன். அவனும் பார்த்தான். "போவட்டும் வுடுங்க. அதுக்கும் அப்பப்போ கண்ணை மூடணும் இல்ல?" என்றான். அந்தப் பேச்சை ஏதோ வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஒரு முகூர்த்தச் சேலை. முந்தானையில் அன்ன வரிசை வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். முடித்துவிட்டோம். சரிபார்ப்பது என் பொறுப்பு. பார்த்துச் சரி சொல்லியும் விட்டேன். அதற்குப் பிறகு சற்குணத்துக்கு மனம் ஒப்பவில்லை. கழுத்தின் வளைவு இன்னும் கொஞ்சம் இழைய வேண்டும் என்று அன்னங்களின் தலைகளை மட்டும் தேர்ந்தெடுத்து அம்புக்குறிப் பொத்தானால் நகர்த்திக்கொண்டிருந்தான். முழு கவனமும் அதில். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, அன்று காலையிலிருந்தே.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

திரை அணைந்தது. அவன் விரல் அம்புக்குறியின்மேலேயே இருந்தது. தலைகள் இருட்டில் நகர்ந்துகொண்டே போயின. அடுத்த கணம் அவன் இன்னொரு கையால் சேமிக்கும் பொத்தானைத் தட்டினான். இந்த ஊரில் கம்ப்யூட்டரில் உட்காருகிற யாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கரண்ட் போகிற ஊரல்லவா... கண் இருண்டதும் கை சேமித்துவிடும். எத்தனையோ முறை எங்களைக் காப்பாற்றிய பழக்கம் அன்று தவறைச் சேமித்துவிட்டது.

அப்போதும் தப்பித்திருக்கலாம். பழைய சின்ன மானிட்டர் என்றால் அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அனுப்புவோம். இந்தப் பெரிய திரையில் முந்தானை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறதே, நிறைவாக இருக்கிறதே என்று அந்த வழக்கத்தை விட்டிருந்தோம். அத்தனை பெரிய திரையில் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் விழுந்த இடைவெளி ஒரு மயிரிழை. நானோ, கண்ணாடிக்குள் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டு கனவில் இருந்தேன். மறுபடி பார்க்கவில்லை. டிசைன் அட்டை குத்தப் போய்விட்டது.

சேலையில் முந்தானை கடைசியில்தான் நெய்வது. நெய்தவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். அட்டையில் இருப்பதை நெய் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். விரித்துக் காட்டியபோது பெண்ணின் தாய் அலறிவிட்டாள். ஒவ்வொரு அன்னத்துக்கும் கழுத்து வேறு, தலை வேறு! சரிகையில் கழுத்தறுந்த அன்னங்களை எந்தப் பெண் மணையில் உடுத்துவாள்? அபசகுனம் என்று சேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அந்தச் சேலையை வேறு யாருக்கும் காட்டவும் முடியவில்லை.

முதலாளி மாடி ஏறி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"கடைசியா இதுல யாரு கை வச்சது?"

"நான்தாங்க" என்றான் சற்குணம்.

"ஏம்மா கோமதி, நீ பாக்கலியா?"

இதோ, இந்த இடம்தான். இங்கேதான் நான் நேர்மையாக இருந்திருக்க வேண்டும். நான் எழுந்தேன், திரை அணைந்தது, கேபிளை மாற்றச் சொல்லி மாதக்கணக்கில் ஆயிற்று, நான் மறைத்தேன்... இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏன் மறைத்தாய் என்று அடுத்த கேள்வி வருமே! அதற்கு என்ன பதில் சொல்வேன்? முதலாளி எங்கள் சாதிக்காரர், என் அப்பாவோடு கோயிலுக்குப் போகிறவர்.

"நான் பாக்கறப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

"தறி எதுன்னே தெரியாத ஆளைக் கொண்டாந்து உட்கார வச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிச்சுக்கணும். நாளையிலேர்ந்து வராதப்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார்.

சற்குணம் பையை எடுத்துக்கொண்டான். கதவருகில் நின்று என்னைப் பார்த்தான். கண்ணாடிக்குள் அல்ல, நேராக. முதல் தடவையாக நேராக! நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வரேங்க" என்றான். படியில் அவன் செருப்புச் சத்தம் தேயும்வரை குனிந்தே இருந்தேன்.

திருப்பூர்ப் பக்கம் துணி அச்சுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் என்னை நானே மன்னித்துத் தொலைத்திருப்பேன். ஆனால் அவன் போனதும் மேசையில் அவன் பக்கத்து இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள். சீப்பு, காய்ந்துபோன பேனா, மாதா படம். அடியில் தூசி படிந்த ஒரு கண்ணாடித்தாள் உறை. அதற்குள் தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று, புத்தம் புதியது. உறையை ஒருமுறை பிரித்து, மறுபடி டேப் போட்டு ஒட்டியிருந்தான்.

உறையோடு அதை மானிட்டரின் ஒல்லிக் கேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பிறகு புரிந்தது... அணையாத அந்த ஒரு நாள்! அவன் தானாகவே கோளாறைக் கண்டுபிடித்து, தானே வாங்கி வந்து மாட்டியிருக்கிறான். நாளெல்லாம் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறான். என் முகம் வாடியதையும் பார்த்திருக்கிறான். மறுநாள் எனக்கு முன்னால் வந்து, புதியதைக் கழற்றி, அந்த ஒல்லிக் கேபிளையே திரும்ப மாட்டிவைத்திருக்கிறான். எனக்காக!

அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். நான் எழுந்தால் அணையும் என்று தெரியும். அன்று நான் ஏன் எழுந்தேன் என்றும் தெரியும். தெரிந்துதான் "நான்தாங்க" என்றான். தெரிந்துதான் கதவருகில் நின்றான். எதற்காக நின்றான்? ஒரு சொல்லுக்காக. முதலாளியிடம்கூட வேண்டாம், அவனிடம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லைக் கொடுக்காமல் அவனை அனுப்பிவிட்டேன்.

முதலாளி கடையை மகனிடம் கொடுத்தபோது எல்லாமே புதிதாக வந்தன. பழைய மானிட்டரை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டு மாடியில் தனியாக டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். நல்ல பெயர் இருக்கிறது. என் டிசைனில் பிசகு வராது. அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. பச்சைப் புள்ளி அப்படியே எரிகிறது. சிந்தெடிக் சேலைதான் கட்டுகிறேன். அந்த ஒல்லிக் கேபிள்தான் மாட்டியிருக்கிறது. திரை அணையும்போது என் முகம் தெரிகிறது, பக்கத்தில் சுவரில் மாட்டிய காலண்டர் தெரிகிறது.

போன வாரம் ஒரு பெண் தன் கல்யாணச் சேலைக்கு டிசைன் பார்க்க வந்தாள். அரக்கு இடப்பக்கம்தான் சரியாகத் தெரியும் என்று சொன்னேன். உடனே இடப்பக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நூல் கண்டு எடுக்க எழுந்தேன். திரை அணைந்தது. கண்ணாடிக்குள் அவன் இடத்தில் அவள் முகம்...

"அங்க உட்காராதம்மா!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் பதறி எழுந்தாள். திரை வெளிச்சமானது. "கேபிள்தான் சரியில்லபோல, மாத்தக் கூடாதா அக்கா? பாவம், கண்ணு வலிக்காதா?" என்று கேட்டாள்.

"மாத்தணும்மா" என்றேன்.

புதிய கேபிள் பீரோவில் அவன் ஒட்டிய டேப்போடு அப்படியே இருக்கிறது. நான் இன்னும் அதைப் பிரிக்கவில்லை.