டோலியில் போன முழங்கால்

போன வாரம் காளப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் என் மானம் போயிற்று. மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை…

ஒரு மாதம் முன்பு இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் முடவாட்டுக்கால் கிழங்கைப் பற்றி எழுதினேன். பாறை இடுக்கில் முளைப்பது, ஆட்டுக்கால் மாதிரி ரோமம் மூடியிருப்பது. சுரண்டி, இடித்து, மிளகு சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடித்தால் முழங்கால் வலியும் வீக்கமும் ஓடிப்போகும் என்றேன். அதோடு நிறுத்தினேனா? ‘அறுபத்திரண்டு வயதில் வாரா வாரம் கொல்லிமலை ஏறுகிறேன், கையில் தடி கிடையாது’ என்றும் போட்டேன்.

தடி கிடையாது என்பது நிஜம். மலைக்கு பஸ் ரோடு இன்னும் வரவில்லை; இரண்டு பேர் தோளில் தூக்க, துரை மாதிரி டோலியில் போகிறவனுக்குத் தடி எதற்கு?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலையில் மிளகு மூட்டை சுமந்து, இன்று சொந்த மண்டி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுதுவதைப் படித்தவர்கள் படிக்கிறார்கள் என்றால், பேனா கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓடும்!

சனிக்கிழமை நாமக்கல் பஸ்ஸிலிருந்து ஒருவர் நொண்டியபடி இறங்கினார். ஓய்வு பெற்ற வாத்தியார். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

“ஏனுங்க, கெழங்கு பத்தி எழுதினது நீங்கதானுங்களே? ஒரு மாசமாக் குடிக்கறனுங்க. டாக்டர் குடுத்த பாட்டில் மருந்தைக்கூட நிறுத்திப்போட்டேன். மாப்பிள்ளைக்கு மலை மேல செம்மேட்டுல பாரஸ்ட் வேலைங்க. பேரன் பொறந்து அஞ்சு மாசமாச்சு, இன்னும் மொகம் பார்க்கல. உங்ககூட நடந்தே ஏறிரலாம்னு வந்துட்டேன்.”

இன்றைக்கு வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டோலிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

“ஏறுங்க மொதலாளி, வெயில் வந்துருமுங்க” என்றான் முன்னால் தூக்கும் சடையன்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

“இன்னிக்கு மட்டும்…” என்று இழுத்தேன்.

“இன்னிக்கு மட்டுமுங்களா?” சடையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மூணு வருசமா உங்களைத் தூக்கி என்ற தோளு காச்சுப் போச்சுங்களே!”

வாத்தியார் மெல்லக் கேட்டார்: “அப்போ அந்தக் கெழங்குச் சாறு கேக்காதாப்பா?”

“கேக்குமுங்க சாமி. நாங்களும்தான் குடிக்கறோம். ரெண்டு நாள் காலை நீட்டிப் படுத்துக்கிட்டுக் குடிச்சா வலி கொறையும். குடிச்சுப்போட்டு மலை ஏறினா எங்கீங்க கொறையும்?” என் பக்கம் கையைக் காட்டினான். “நடக்காதவங்களுக்கு நல்லாவே கேக்குது, பாருங்க!”

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாத்தியாரை டோலியில் ஏறச் சொன்னேன். மாட்டேன் என்றார். பேரனை நினைவுபடுத்தினேன், ஏறினார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சடையன் இறங்கி வந்து சேதி சொன்னான். வாத்தியார் பேரனை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். ஆனால் முழங்கால் இன்னும் வீங்கிவிட்டதாம். பாட்டில் மருந்துக்கு ஆள் அனுப்புகிறேன் என்று மகள் அழுதாலும் கேட்கவில்லையாம். மூன்று வேளையும் கிழங்குச் சாறுதானாம். மூன்று வாரம் இருந்துவிட்டு, நடந்தே இறங்குவாராம்!

“ஏப்பா, அவருதான் நேர்லயே பார்த்தாரே! நீயும் சொன்னியே!”

“சொன்னனுங்க. ‘உங்க மொதலாளிக்கு நேத்து ஒடம்பு சொகமில்லாம இருந்திருக்கும்’ங்கறாரு. நான் காச்சுப்போன தோளைக் காட்டறேன், அவரு பத்திரிகையைக் காட்டறாரு. அச்சுல வந்தது பொய்யாகுமான்னு என்னையே கேக்கறாருங்க!”

சொல்லுங்கள், இந்த மனிதரிடம் நான் என்ன செய்ய? கடிதம் எழுதினேன், நம்பவில்லை. கையெழுத்துக்கு மதிப்பில்லை, அச்சுக்குத்தான் மதிப்பு. சரி, அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரே படிக்கட்டும்.

வாத்தியாரே, இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் மலையை நடந்து ஏறியதில்லை. எழுதியது பொய். காலை நீட்டி உட்காருங்கள். பாட்டில் மருந்தைக் குடியுங்கள். சாறு குடிக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். டோலியில் இறங்கி வாருங்கள்.

இதையும் நம்பாவிட்டால், வீங்கிக் கிடக்கும் அந்தக் காலைப் பிடித்துக் கெஞ்ச நானே மேலே வருவேன் — நடந்தே!