அம்மா நடத்திய கணக்கு வகுப்பு

“எட்டு பலம் ஒரு சேர், அஞ்சு சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு.” உறையூரில் எங்கள் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் அம்மா இந்தப் பழைய எடை வாய்ப்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். மாற்று ஆள் வரவில்லை. “படிச்ச அம்மாமாருங்க யாராச்சும் வந்து பிள்ளைங்களுக்கு ஒத்தாசை பண்ணுங்க” என்று தலைமை டீச்சர் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். அந்தக் காலத்து எட்டாவது பாஸ் செய்தவள் அம்மா. அடுப்பை அணைத்த கையோடு ஓடினாள். அவளுக்கும் வேறு வழியில்லை. அரசுப் பரீட்சையில் நான் பெயிலானால் படிப்பு நிறுத்தம், தையில் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். “எம்பொண்ணு பாஸ் பண்ணிக் காட்டுவா, பாருங்க” என்று அம்மா அவரிடம் கெஞ்சாத நாளில்லை.

மூன்று மாதம் தினமும் மத்தியானம் வந்தாள். கடைகளில் அப்போதுதான் கிலோவும் லிட்டரும் வரத் தொடங்கியிருந்தன. “கிலோ கணக்கு படிக்க வேண்டாமா?” என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். “அதெல்லாம் கடைக்காரனுக்குடி. பரீட்சையில நாம படிச்சதுதான் வரும்” என்றாள். எங்களிடம் இருந்தவையும் அக்காமார்கள் படித்துக் கிழித்த பழைய புத்தகங்கள்தானே!

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அரியமங்கலத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி வேறு பள்ளியில் எட்டாவது படிக்கும் தன் அண்ணனின் புதுக் கணக்குப் புத்தகத்தைக் காட்டினாள். பலமும் இல்லை, சேரும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கிராம், கிலோகிராம். ஒன்றும் புரியவில்லை, அம்மாவைக் கேட்டால்தான் புரியும். கேட்டால், மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வீண் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குத்தான் வகுப்பே எழுந்து நின்று அவளை “டீச்சர்” என்று கூப்பிட்டிருந்தது. புத்தகத்தை மூடித் தோழியிடமே கொடுத்தேன். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று வேறு சொன்னேன். படுபாவி நான்!

வினாத்தாளில் பாதிக் கணக்கு கிலோகிராமில் வந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெயில். நானும்தான். அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, “தப்பு எம்மேலதாங்க, பிள்ளைங்களை அடிக்காதீங்க” என்று அழுதாள். மறுநாளே அப்பா அத்தை வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

இப்போது என் பேத்தியின் பள்ளியிலும் பெற்றோரை வகுப்பு நடத்த அழைக்கிறார்கள். மகள் ஆசையாகப் போகிறாள். அவள் தப்பாகச் சொன்னால் அங்கேயே எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று பேத்தியிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன். குழந்தை என்னை விசித்திரமாகப் பார்க்கிறது.

தாலி ஏறிய அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் படிப்பை நானே கெடுத்துட்டேனேடி” என்றாள். எனக்கு முன்பே தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாகும்வரை அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். நான் வாய் திறக்கவேயில்லை.