என் பெருவிரலை நம்பாத இயந்திரம்

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த அடுத்த வாரம். காலையில் வெங்காயம் நட்டுவிட்டு வந்து, குளித்து, சமைத்து, மத்தியானம் இரண்டு மணிபோலப் போனைத் திறந்தேன். விளையாட்டு வரவில்லை. சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில் ஒரு வசனம் நின்றது. தடைசெய்யப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தியதற்காக என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டதாம். அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். வேறு பொத்தான் இல்லை. சரியில்லை என்று அமத்துவதற்கு வழியே வைக்கவில்லை.

கத்திவிட்டேன். முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த என் கணவர் பம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்னப்பா, பாம்பே?”

“என்னைக் கள்ளி எண்டுறாங்கள்.”

“ஆர்?”

“விளையாட்டுக் கொம்பனிக்காரர்.”

“சீ, நான் பாம்பாக்கும் எண்டு வந்தன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அது ஆறு வருடம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தொடங்கினேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் எந்த அணி நிற்கிறதோ அது வென்றது என்கிற விளையாட்டு. முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு சண்டிலிப்பாயில் இருக்கிற ஒரு பெண் இதை விளையாடுவதைப் பற்றி ஊரில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும். எங்கள் அணியில் நான்கு பேர். மருதனார்மடத்தில் மருந்துக்கடையில் நிற்கிற ஒரு தம்பி தலைவன். அளவெட்டியில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேர். நாலாவது ஆள் நான். நான்கு பேரில் நல்லாய்ச் சுடுகிறவள் நான்தான். இதில் அடக்கம் காட்ட ஒன்றுமில்லை. அவர்களிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஏன் நல்லாய்ச் சுடுவேன் என்றும் சொல்கிறேன். மற்றவர்கள் சுடும் பொத்தானை அமத்திப் பிடித்திருப்பார்கள். துவக்குத் துள்ளும், பாதிச் சன்னம் வானத்துக்குப் போகும். நான் அமத்திப் பிடிப்பதில்லை. ஒவ்வொன்றாகத் தட்டுவேன். வேகமாக, ஒரே அளவில். அதை யாரும் எனக்குப் பழக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெங்காயம் நடும்போது பெண்கள் பாத்தியில் வரிசையாகக் குந்தியிருந்து நடுவோம். இடது கையில் விதை வெங்காயம், வலது கைப் பெருவிரலால் ஈர மண்ணுக்குள் ஓர் அமத்து, அடுத்தது, அடுத்தது. வரிசையை முதலில் முடிக்கிறவளுக்குக் கடைசியாக முடிக்கிறவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து நடுகிறேன். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தப் பெருவிரல்தான் போனிலும் தட்டுகிறது.

அதுதான் குற்றமாம். அறிவித்தலை விரித்துப் பார்த்தால் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் மனிதரால் இயலாத அளவுக்குச் சீராக இருக்கிறது. அதாவது, நான் தட்டவில்லை, எனக்குப் பதிலாக ஒரு மென்பொருள் தட்டுகிறது. இதை ஆள் ஒருவர் பார்த்து முடிவெடுக்கவில்லை. ஓர் இயந்திரம் அளந்தது, அந்த இயந்திரமே தீர்ப்புச் சொன்னது.

பத்து நிமிடத்தில் மருந்துக்கடைத் தம்பி அழைத்தான்.

“அக்கா, கோவியாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ, போனிலை ஏதும் போட்டனீங்களோ?”

“வாயைக் கழுவிப்போட்டு வந்து கதை.”

“கேக்கவேணுமெல்லோ அக்கா. என்னட்டை மற்ற அணிக்காரர் கேப்பினம்.”

“நாலு வருசமா என்னோடை விளையாடுறாய். நீயே கேட்டால் அவங்கள் கேக்காமல் விடுவாங்களோ?”

“ஆனியிலை போட்டி கிடக்கு அக்கா,” என்றான் அவன். யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருந்த போட்டி. தடையுள்ள கணக்குக்காரர் விளையாட முடியாது என்று விதி. எனக்கு அந்தப் போட்டியும் வேண்டும். அதைவிட, கள்ளி என்ற பெயர் போகவேண்டும்.

முறையிட ஒரு படிவம் இருந்தது. ஆதாரம் இருந்தால் இணைக்கலாம் என்று போட்டிருந்தார்கள். “உங்கடை கையைக் காட்டி ஒரு வீடியோ அனுப்புவம்,” என்றான் தம்பி. கையைக் காட்டு என்றால் நான் என்ன செய்வேன்? அடுத்த நாள் காலை தோட்டத்தில் மச்சாளிடம் போனைக் கொடுத்தேன். மச்சாள் என் கணவரின் தங்கை. பக்கத்துப் பாத்தியில் நடுகிறவள்.

“என்ரை கையை மட்டும் வீடியோ பிடியும். முகம் வேண்டாம்.”

“உமக்கு விசரே மச்சாள்? வெங்காயம் நடுறதைக் கொம்பனிக்கு அனுப்பிறதோ?”

“கை சீராப் போகுதெண்டு காட்டவேணும்.”

“அப்ப என்ரை கையையும் காட்டும். நான் என்ன குறைஞ்சவளே?”

“உம்மடை கையைக் காட்டினால் அவங்கள் என்னை நம்பமாட்டாங்கள்.”

அவள் என் மேல் மண்ணை எறிந்தாள். அதுவும் வீடியோவில் விழுந்திருக்கிறது. மூன்று நிமிட வீடியோ, ஒரு முழு வரிசை. அனுப்பினேன். ஏழாவது நிமிடம் பதில் வந்தது. இணைக்கப்பட்ட காணொளியில் விளையாட்டு எதுவும் காணப்படவில்லை, முடிவில் மாற்றமில்லை.

அளவெட்டிச் சகோதரர்கள் இருவரும் இதைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தார்கள். “கொம்பனிக்காரன் சாம்பாருக்கு ஓடர் தாறானோ எண்டு பாருங்கோ அக்கா,” என்றான் மூத்தவன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இன்றைக்கும் சொல்கிறேன், அந்த வீடியோ சரியான ஆதாரம். ஆள் ஒருவர் இருந்து பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். பார்த்தது ஆளில்லை.

பிறகு ஒழுங்கான ஒன்று எடுத்தோம். என் கணக்கு மூடியிருந்ததால் தம்பியின் கணக்கில் விளையாடி, போனும் என் விரலும் தெரிகிற மாதிரி. அதற்கு வந்த பதில்: இது உங்களுடைய கணக்கு அல்ல. மூடிய கதவைக் காட்டி, உள்ளே இருந்தால்தான் கதவைத் தட்டலாம் என்றால் ஒருவர் என்ன செய்வது?

மூன்று நாள் கழித்து வந்த கடிதம்தான் என்னை உண்மையாகக் கோபப்படுத்தியது. மிகவும் மரியாதையான கடிதம். தடைசெய்யப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தியதை நீங்கள் ஒப்புக்கொண்டால், முதற்குற்றம் என்பதால் தடை முப்பது நாளாகக் குறைக்கப்படும். கீழே பொத்தான். இந்த முறை ‘ஒப்புக்கொள்கிறேன்’.

தம்பி கணக்குப் போட்டான். முப்பது நாள் போனாலும் போட்டிக்கு இரண்டு வாரம் மிச்சம்.

“அமத்திவிடுங்கோ அக்கா. ஒரு பொத்தான்தானே.”

“செய்யாததை ஏன் செய்தனான் எண்டு சொல்லவேணும்?”

“ஆர் அக்கா பாக்கப்போகினம்? நாங்கள் எல்லாரும் அறிவம், நீங்கள் செய்யேல்லை எண்டு.”

“அறிவியள் எண்டால் பிறகேன் அமத்தச் சொல்லுறியள்?”

“போட்டிக்கு அக்கா!”

அளவெட்டி மூத்தவன் இடையில் புகுந்தான். “அக்காவுக்குப் பெருமை பெரிசு.”

“ஓம், பெரிசுதான்,” என்றேன்.

என் சித்தப்பா ஒருவர், சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துப்போனபோது, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்த தாளுக்குக் கீழே கையெழுத்து வைத்தவர். வைத்தால் விடுவோம் என்றார்கள். வைத்தார். ஆறு வருடம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அதுவும் இதுவும் ஒன்றல்ல. எனக்கு அந்த அளவு புத்தி இருக்கிறது. இது போனில் விளையாடுகிற விளையாட்டு. ஆனாலும் அந்தப் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு இருந்தபோது, அவர் வரும்வரை காத்திருந்த சித்தியின் முகம்தான் வந்தது. விரலை எடுத்துவிட்டேன். கடிதத்துக்குப் பதில் எழுதும் பெட்டியில் இரண்டு சொல் எழுதினேன். ‘நான் செய்யவில்லை.’ அனுப்பினேன். அதோடு என் ஆறு வருடக் கணக்கு அழிந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் இல்லை. அந்த இயந்திரத்தை நானும் பாவித்திருக்கிறேன். யாராவது என்னைத் தொடர்ந்து சுட்டுக் கொன்றால், ‘கள்ளன்’ என்று முறையிட ஒரு பொத்தான் இருக்கிறது. முன்பு ஒருவன் ஒரே நாளில் என்னை மூன்று தடவை வீழ்த்தினான். நம்பமுடியாத வேகம். ஆத்திரத்தில் முறையிட்டேன். இரண்டு நாளில் அவனுடைய கணக்கை மூடிவிட்டோம் என்று எனக்கு நன்றி சொல்லிச் செய்தி வந்தது. அதை அணிக்காரருக்கு அனுப்பி, ஒரு கள்ளன் ஒழிந்தான் என்று எழுதினேன். அவன் உண்மையாகவே கள்ளனாக இருக்கலாம். கள்ளர் இருக்கிறார்கள், சுவருக்கு அப்பால் பார்க்கிறவர்கள், குறி தானாகப் பிடிக்கிறவர்கள், அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் எங்கேயோ வலை பின்னுகிறவனாகவோ தையல் மெசின் மிதிக்கிறவனாகவோ இருந்திருந்தால்? எனக்குத் தெரியாது. அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணக்கை மூடிய பிறகு அந்தப் பொத்தானை நான் தொட்டதில்லை.

ஆனி மாதம் போட்டி வந்தது. அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் விளைந்த வெங்காயத்தை மண்ணிலிருந்து கிண்டி எடுத்தோம். பின்னேரம் வந்துதான் போட்டியின் பதிவைப் போனில் பார்த்தேன். எனக்குப் பதிலாக யாரையாவது சேர்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். மேடையில் நான்கு கதிரை போட்டிருந்தது. மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒலிவாங்கியோடு நின்றவர், “உங்கடை நாலாவது ஆள் எங்கை?” என்று கேட்டார்.

மருந்துக்கடைத் தம்பி ஒலிவாங்கியை வாங்கி, “அக்கா வெங்காயம் கிண்டுறா,” என்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, “அவவைக் கள்ளி எண்டு மூடிப்போட்டாங்கள். அவ கள்ளியில்லை. அவவின்ரை இடத்துக்கு வேறை ஆளைப் போடமாட்டம்,” என்றான். அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லச் சொல்லி நானும் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றிலேயே தோற்றுப்போனார்கள். மூன்று பேர் நான்கு பேரோடு மோதினால் வேறென்ன நடக்கும்?

என் கணவரைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார்.

“உவன் நல்ல பெடியன்,” என்றார். பிறகு, “நீர் ஏனப்பா உந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அமத்தேல்லை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது.”

“இவ்வளவு நாளும் என்ன நினைச்சனீங்கள்?”

“உமக்கு வாய் மட்டும்தான் எண்டு நினைச்சன்.”

அந்த வாரமே புதுக் கணக்குத் திறந்தேன். அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். துவக்குப் பிடிக்கத் தெரியாதவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் தீவில் இறங்கவேண்டும். முதல் நாள் தம்பி அழைத்து ஒரு யோசனை சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

“அக்கா, இனிமேல் கொஞ்சம் கோணலாத் தட்டுங்கோ. இடைக்கிடை பிந்தித் தட்டுங்கோ. ரெண்டு மூண்டு குண்டு வீணாப் போகட்டும். அப்பதான் மெசின் ஆளெண்டு நம்பும்.”

“நான் ஆளெண்டு காட்ட, எனக்குத் தெரிஞ்சதைப் பிழையாச் செய்யவேணுமோ?”

“இன்னொருக்கால் மூடினால்?”

“மூடட்டும். திருப்பித் திறப்பன்.”

“ஐயோ அக்கா, உங்களோடை கதைச்சு வெல்லேலாது.”

“பிறகேன் கதைக்கிறாய்? உள்ளுக்கு வா, தீவிலை இறங்குவம்.”

வந்தான். அளவெட்டிக்காரர் இரண்டு பேரும் தங்கள் பெரிய கணக்குகளை விட்டுவிட்டு, எனக்காகப் புதுக் கணக்குத் திறந்து அடிமட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். முன்பு நின்ற இடத்துக்கு இன்னும் பாதி வழிகூடப் போகவில்லை. நேற்று மத்தியானம் நான் மட்டும் பதினாலு பேரை வீழ்த்தினேன். எல்லாம் ஒவ்வொன்றாய், நேராய்த் தட்டியதுதான்.