முப்பத்தேழு டிகிரியில் மீன்கறி

இன்குபேட்டரின் கதவை இழுத்துத் திறந்து, பாக்டீரியா வளரும் குடுவைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் சோற்று டப்பாவை நடுவில் நுழைக்கிறார் கிளிஃபர்ட். எந்நேரமும் முப்பத்தேழு டிகிரி சூட்டில் இருக்க வேண்டிய பெட்டி அது. பத்தரைக்குத் திறந்து டப்பாவைத் தொட்டுப் பார்ப்பார். பதினொன்றுக்குத் திறந்து மோந்து பார்ப்பார். பன்னிரண்டுக்கு டப்பாவைத் திருப்பி வைப்பார். ஜார்ஜ் டவுனிலுள்ள அந்த ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக மூத்த உதவியாளர். அனுபவஸ்தராம்!

"மைக்ரோவேவ்ல வச்சா சோறு காஞ்சி போகும்லா. இதுல வச்சாத்தான் மீன்கறி வெதுவெதுன்னு பதமா இருக்கும்."

வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று பேனா; ஒன்றும் எழுதாது. புதிதாக வருகிறவர்களுக்கு அரைமணி நேரம் கை கழுவப் பாடம் எடுப்பார். பாடம் முடிந்ததும் தன் கையைக் கோட்டிலேயே துடைத்துக்கொள்வார். யாராவது கேள்வி கேட்டால் ஒரே பதில்தான்: "நான் பாக்காத பாக்டீரியாவா?"

ஷர்மினி அவரிடம் மாட்டிக்கொண்ட முதுகலை மாணவி. தயிரை உறைய வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவில் ஒரு வகை, பாலிசாக்கரைடு என்னும் வழவழப்பான பசையைச் சுரக்கும். மாவு கலக்காமலே தயிரைக் கெட்டியாக்கும் பசை. தினமும் காலையில் குடுவைகளை வைத்து, மறுநாள் காலையில் பசையை நிறுக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் பசை கொழகொழவென்று வந்தது. வெள்ளிக்கிழமை வைத்தது மட்டும் பாதிகூடத் தேறவில்லை. "உன் கை சுத்தமில்லை" என்று பேராசிரியர் இர்வான் எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலாவது வெள்ளியன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். வெள்ளிதோறும் கிளிஃபர்ட் உபவாசம். டப்பா கிடையாது, கதவும் திறப்பதில்லை. திங்களன்று பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு ஏழெட்டு டிகிரி இறங்கி, ஆடி அசைந்து ஏறியது. குளிர்பட்ட பாக்டீரியா மெதுவாக வளர்ந்தது. பெருகுவதற்குச் செலவாக வேண்டிய சர்க்கரை பசையாகப் போனது. இத்தனை நாள் அவள் அளந்தது இந்த மனிதரின் பசியைத்தான்.

"அண்ணே, நீங்க கதவத் தொறக்கறதாலதான் எல்லாம் மாறுது."

கிளிஃபர்டின் முகத்தில் வெட்கம் வந்ததா? மருந்துக்கும் இல்லை.

"அப்ப அவ்வளவு பசையும் என்னாலதான் வந்துச்சா? கட்டுரையில என் பேரயும் போடும்மா!"

ஒரே ஒரு நாள், சூடு ஆடாமல் அசையாமல் முப்பத்தேழிலேயே வைத்து, வெள்ளிக்கிழமை போலவே பசை குறைவதை நிரூபித்துக் காட்டு என்றார் இர்வான். நாளைக் காலைக்குள் கணக்கு வராவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. ஷர்மினி காலை எட்டு மணிக்குக் குடுவைகளை வைத்தாள். கிளிஃபர்டே முன்வந்து, ஓர் அட்டையில் மலாயிலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் 'ஜாஙான் புக்கா, திறக்காதே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, கதவின் விளிம்போடு சேர்த்து டேப் ஒட்டினார். எழுதுவதற்குப் பேனாவை அவளிடம்தான் வாங்கினார்.

"என்னத் தாண்டி எவன் தொறக்கறான்னு பாக்கறேன்லா!"

பத்தரை மணிக்குக் கழுவிய குடுவைகளை ஏந்திக்கொண்டு ஷர்மினி உள்ளே வந்தாள். இன்குபேட்டர் கதவு அகலத் திறந்து கிடந்தது. மீன்கறி வாசம் அறை முழுக்க. கிளிஃபர்ட் டப்பாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு, உரித்து வைத்திருந்த டேப்பை எடுத்து, தான் எழுதிய அட்டை கோணாமல் பழைய இடத்திலேயே ஒட்டி, சுருக்கம் விழாதபடி கட்டைவிரலால் நாலு மூலையையும் நிதானமாக நீவிவிட்டார்.